தாய்லாந்தில் நீதி யாருக்கு?

2024 அக்டோபர் 25ந் தேதி நள்ளிரவோடு தாய்லாந்தில் ஒரு வழக்கு காலாவதியாகிவிட்டது. செத்தவர்கள் 85 பேர். குற்றம் சாட்டப்பட்டவர்கள் இராணுவத்திலும் போலீசிலும் நிர்வாகத்திலும் பெரிய பதவி வகித்தவர்கள். இருபது ஆண்டுகளில் ஒருவர்கூட ஒரு நாள்கூடக் குற்றவாளிக் கூண்டில் ஏறி நிற்கவில்லை. இனி ஏறவும் வேண்டியதில்லை. சட்டம் குறித்த கெடு முடிந்துவிட்டது!

நடந்தது என்ன? 2004 அக்டோபர் 25ந் தேதி, ரம்ஜான் நோன்பு மாதம். தாய்லாந்தின் தென்கோடியில், மலாய் முஸ்லிம் மக்கள் வாழும் நராதிவாட் மாகாணத்தில், தாக் பாய் என்னும் ஊரின் போலீஸ் நிலையத்தின் முன் ஜனங்கள் கூடினர். பிடித்துவைத்திருந்த ஆறு கிராமக் காவல் தொண்டர்களை விடுதலை செய் என்று கேட்டனர். துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது. ஏழு பேர் மாண்டனர். பின்னர் ஆண்களைப் பிடித்து, சட்டையைக் கழற்றி, கைகளைப் பின்னால் கட்டி, இராணுவ லாரிகளில் ஒருவர்மேல் ஒருவராக, நெல் மூட்டை அடுக்குவதுபோல அடுக்கினார்கள். பட்டாணியிலுள்ள இராணுவ முகாமுக்கு லாரிகள் பல மணி நேரம் ஓடின. லாரியைத் திறந்தபோது 78 பேர் மூச்சு முட்டி இறந்து கிடந்தனர்.

2009இல் மரண விசாரணை நடத்திய நியாயஸ்தலம், மூச்சு முட்டியே இறந்தார்கள் என்று சொல்லிற்று. அதிகாரிகள் தங்கள் கடமையைத்தான் செய்தார்கள் என்றும் அதே வாயால் சொல்லிற்று. சர்க்கார் வழக்குத் தொடரவில்லை. கெடு முடிய ஆறு மாதமே இருந்தபோது, 2024 ஏப்ரலில், இறந்தவர்களின் பெண்டு பிள்ளைகள் தாங்களே நராதிவாட் கோர்ட்டில் பிராது கொடுத்தார்கள். ஆகஸ்டில் கோர்ட்டு ஏழு பேர்மீது வழக்கை ஏற்றது. வாரண்டு பிறந்தது. ஏழு பேரில் ஒருவரும் வரவில்லை. அவர்களில் ஒருவர் ஆளுங்கட்சியின் பாராளுமன்ற உறுப்பினர்! பிரதம மந்திரி வருத்தம் தெரிவித்தார். நள்ளிரவு மணி பன்னிரண்டு அடித்தது.

இது ஏதோ எல்லைப்புறத்தில் நடந்த ஒரு விபரீதம், மற்றபடி அந்நாட்டில் நீதி ஒழுங்காகத்தான் நடக்கிறது என்று சிலர் சமாதானம் கூறக்கூடும். நாம் அப்படி நினைக்கவில்லை. நினைக்க முடியாதபடி, கடந்த ஐம்பது ஆண்டுகளாக அந்நாட்டின் கோர்ட்டுகளிலும் கிராமங்களிலும் உட்கார்ந்து, கேட்டு, எழுதி வைத்த ஆராய்ச்சியாளர்கள் சிலரின் நூல்கள் நம் முன் இருக்கின்றன. இவர்கள் புரட்சிக்காரர்கள் அல்லர். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த படிப்பாளிகள். ஆனாலும் கண்ணால் கண்டதை எழுதியிருக்கிறார்கள்.

முதலில் அந்த நியாயஸ்தலம் எப்படி இருக்கும் என்பதை வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நீதிபதிக்கு மேலே மன்னரின் படம். தீர்ப்பு மன்னரின் பெயரால் வழங்கப்படுகிறது. ஜூரி கிடையாது. நீதிபதி என்பவர் பெரும்பாலும் சட்டம் படித்து, 25 வயதுக்குமேல் பரீட்சை எழுதித் தேறி, ஆயுள் முழுவதும் அந்த உத்தியோகத்திலேயே மேலேறுகிறவர். சாட்சி பேசிய பேச்சு அப்படியே பதிவாவதில்லை. நீதிபதி கேட்டு, சுருக்கி, தம் சொந்த வாசகத்தில் ஒலிப்பதிவுக் கருவியில் சொல்லுவார், அதுதான் சாட்சியம்! விவசாயி அழுது சொன்னதும், வக்கீல் குறுக்கிட்டதும், சாட்சி திக்கித் திணறியதும் காகிதத்தில் இராது. பார்வையாளர் காலின்மேல் கால் போட்டு உட்கார்ந்தால் சேவகன் அதட்டுவான். குறிப்பு எழுதவும் பல சமயம் அனுமதி கிடைப்பதில்லை. ஆகவே, அங்கே போய் உட்கார்ந்து, கேட்டதை மனதில் வாங்கி, வெளியே வந்து எழுதும் ஆராய்ச்சியாளரின் நோட்டுப் புத்தகம் சாதாரண விஷயமல்ல. கோர்ட்டுத் தஸ்தாவேஜில் விழாத பாதி வழக்கு அதில்தான் இருக்கிறது. வாய்தா வாய்தாவாகக் கோர்ட்டு வராண்டாவில் காத்துக் கிடந்த அனுபவமுள்ள நம் தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

டேவிட் எங்கல் என்பவர் சட்டத்தையும் சமூகத்தையும் சேர்த்து ஆராய்பவர். வடக்கே சியாங் மாய் நகரத்துக் கோர்ட்டில் 1970களில் ஆராய்ச்சி செய்து, 1978இல் ஒரு நூல் வெளியிட்டார். இருபதாண்டுகளுக்கும் மேல் கழித்து, ஜருவான் எங்கலுடன் சேர்ந்து அதே ஊருக்குத் திரும்பினார். விபத்தில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடந்த ஜனங்களைச் சந்தித்து, அவர்கள் கதையைக் கேட்டார். இருவரின் நூல் 2010இல் வெளிவந்தது.

இடைப்பட்ட காலத்தில் சியாங் மாயில் என்ன ஆயிற்று? ஆலைகள் வந்தன, கட்டடங்கள் எழும்பின, ரோடுகளில் மோட்டார்கள் பெருகின, அடிபடுவோரும் பெருகினர். முதலாளித்துவம் வளர்ந்தால் கோர்ட்டும் வளரும், நஷ்ட ஈட்டு வழக்குகள் பெருகும் என்பதுதான் பாடப்புத்தகச் சித்தாந்தம். நடந்ததோ நேர்மாறு. அடிபட்டவர்களின் தொகைக்கு ஒப்பிட்டால், நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போடுவோர் முன்பைவிடக் குறைந்து போயினர்!

பழைய கிராமத்தில் ஒருவன் இன்னொருவனைக் காயப்படுத்தினால், ஊர்க் காவல் தெய்வத்துக்கே குற்றம் செய்ததாக ஜனங்கள் கருதினர். தவறு செய்தவன் பரிகாரத்துக்கான செலவை ஏற்க வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் பேசித் தீர்ப்பார்கள். கொடுக்காமல் நழுவ முடியாது. சில சமயம் கோர்ட்டுக்குப் போவேன் என்று மிரட்டினாலே போதும், ஈடு வந்து சேரும். அந்தக் கிராமக் கட்டு இப்போது குலைந்துவிட்டது. கூலிக்காரன் பட்டணத்துக்கு வந்துவிட்டான். அவனை மோதியவன் யாரோ ஓர் அந்நியன். காவல் தெய்வமும் இல்லை, பெரியவரும் இல்லை. பாக்கி இருப்பது என்ன? எல்லாம் முற்பிறவி வினை, கோபம் கொள்ளாதே, மன்னித்துவிடு, கேட்டால் பாவம் கூடும் என்னும் சமாதானம். கால் ஒடிந்த மனிதர்கள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு இதைத்தான் ஆராய்ச்சியாளர்களிடம் சொன்னார்கள்.

எங்கல் தம்பதிகள் இதைப் பௌத்த தர்மத்தைப் பற்றிய மனப்பான்மையின் மாறுதல் என்று மிக நிதானமாக விளக்குகிறார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் நாம் ஒரு கேள்வி கேட்கிறோம். வக்கீல் பீஸ் யார் கொடுப்பது? வேலையை விட்டுவிட்டு வாய்தாவுக்கு எத்தனை நாள் போவது? எதிரி லாரி முதலாளியாக இருந்தால் போலீஸ் யார் பேச்சைக் கேட்கும்? இத்தனை கதவும் சாத்திய பிறகு, தலையெழுத்து என்று சொல்லாமல் அந்த மனிதன் வேறென்ன சொல்லுவான்? அவன் ஊர்ப்புறத்தில் இருந்தபோதும் பௌத்தன்தான். அப்போது ஈடு கேட்டானே! மதம் மாறவில்லை, கேட்டால் கிடைக்கும் என்ற நம்பிக்கைதான் போயிற்று.

கேட்டே தீருவோம் என்று துணிந்தவர்களுக்கு நேர்ந்தது என்ன என்பதை இன்னொரு நூல் சொல்லுகிறது. மானிடவியல் பயின்ற டைரல் ஹேபர்கார்ன் என்னும் அம்மையார் 2011இல் வெளியிட்டது. வடபகுதி விவசாயிகளும் மாணவர்களும் சட்டத்தைக் கையில் ஏந்திய கதை அது.

1973 அக்டோபர் 14ந் தேதி மாணவர் எழுச்சியில் இராணுவ சர்வாதிகாரம் விழுந்தது. மூன்றாண்டுகள் தாய்லாந்து கொஞ்சம் மூச்சு விட்டது. 1974இல் நிலக் குத்தகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் தாய்லாந்து விவசாயிகள் சம்மேளனமும் பிறந்தது. விளைச்சலில் பாதியை நிலச்சொந்தக்காரனுக்கு அளந்து வந்த வடபகுதிக் குடியானவனுக்கு, வாரம் குறையும், அதைக் கோரச் சட்டமே உரிமை தருகிறது என்ற சேதியை மாணவர்கள் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார்கள். கவனியுங்கள்: அவர்கள் கொண்டுபோனது துப்பாக்கியல்ல, சர்க்கார் அச்சடித்த சட்டம்! நிலத்தைப் பறி என்றுகூட அவர்கள் சொல்லவில்லை. சட்டப்படி வாரம் கொடு என்றார்கள்.

இதற்கே நிலப்பிரபுக்கள் நடுநடுங்கிப் போனார்கள். 1974க்கும் 1979க்கும் இடையில் சம்மேளனத்தின் தலைவர்கள் முப்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். சம்மேளனத்தின் வடபகுதித் தலைவர் இந்தா ஸ்ரீபுன்ரூவாங் 1975 ஜூலைக் கடைசியில் சியாங் மாய் மாகாணத்தில் தம் ஊரிலேயே சுடப்பட்டார். கொலைகாரர்கள் தண்டிக்கப்படவில்லை. விவசாயி சட்டத்தை மீறியதற்காக அல்ல, சட்டத்தைப் பயன்படுத்தியதற்காகவே கொல்லப்பட்டான் என்பதுதான் அந்த நூலின் சாரம். நாம் வர்க்கப் போராட்டம் என்று பேசும்போது, அரசியலை ஏன் எல்லாவற்றிலும் நுழைக்கிறீர்கள் என்று அலுத்துக்கொள்ளும் நண்பர்கள் இந்த ஓர் அத்தியாயத்தையாவது படித்துப் பார்க்கட்டும்.

பின்பு 1976 அக்டோபர் 6. பாங்காக்கின் தம்மசாத் பல்கலைக்கழகத்துக்குள் போலீசும் வலதுசாரிக் கும்பல்களும் புகுந்தன. மாணவர்களைச் சுட்டனர், அடித்தே கொன்றனர், பிணத்தை மரத்தில் தொங்கவிட்டனர். சர்க்கார் கணக்கிலேயே செத்தவர்கள் நாற்பதுக்கும் மேல். அன்று மாலையே இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. கைதானவர்கள் யார்? உயிர் பிழைத்த மாணவர்கள்! அந்த மாதமே, மன்னர் குடும்பத்தை அவமதித்தல் என்னும் 112ஆவது பிரிவின் தண்டனை கடுமையாக்கப்பட்டது: குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 15 ஆண்டு, ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் தனித்தனியாக. அந்தப் பிரிவு இன்றும் அப்படியே இருக்கிறது.

ஆட்சியைப் பிடித்தவர்களுக்கு 1976 டிசம்பரில் பொது மன்னிப்புச் சட்டம் வந்தது. 1978 செப்டம்பரில் இரண்டாவது மன்னிப்புச் சட்டம். இது மாணவர் தலைவர்களை விடுதலை செய்தது, ஜனங்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் இராணுவக் கோர்ட்டில் மாணவர்கள்மீது நடந்த வழக்கில், அன்று பல்கலைக்கழகத்தில் யார் யார் என்ன செய்தார்கள் என்பது சாட்சியமாக வெளிவரத் தொடங்கியிருந்தது. வழக்கு நின்றது, சாட்சியமும் நின்றது. கொன்றவர்களும் அதே சட்டத்தின் நிழலில் பத்திரமாக ஒதுங்கிக்கொண்டார்கள். இந்த இரண்டு மன்னிப்புகளின் தஸ்தாவேஜுகளையும் தேடிப் படித்து 2015இல் எழுதியவரும் ஹேபர்கார்ன் அம்மையார்தான்.

வாதியாக வந்த ஏழைக்கு இந்த மரியாதை. பிரதிவாதியாக வரும் ஏழைக்கோ தாராளமாக இடமுண்டு! சிறை என்பது ஏழையைப் போட்டு அடைக்கத்தான் என்று தாய்லாந்து ஜனங்களிடையே ஒரு சொல் வழக்கு இருக்கிறது. சுமார் ஏழு கோடி ஜனத்தொகை கொண்ட அந்நாட்டின் சிறைகளில் இரண்டரை லட்சம் பேருக்கு மேல் அடைபட்டிருக்கிறார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் போதைப் பொருள் வழக்கில் சிக்கியவர்கள். யாபா என்னும் மலிவான மாத்திரை அங்கே லாரி டிரைவரும் கட்டடக் கூலியும் தூக்கத்தை விரட்ட விழுங்குவது. 2017 ஜனவரியில் சட்டம் திருத்தப்படும் வரையில், எல்லை தாண்டி ஒரேயொரு மாத்திரையைக் கொண்டுவந்தாலும் அது “இறக்குமதி”, தண்டனை ஆயுள்! 2003இல் போதைப் பொருள் மீது யுத்தம் என்று தக்சின் சர்க்கார் முழங்கியபோது, மூன்று மாதங்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் விசாரணையின்றிச் செத்தனர். பெண் கைதிகளின் விகிதத்தில் தாய்லாந்து உலகின் முன்வரிசையில் நிற்கிறது. பெண் கைதிகளை எப்படி நடத்த வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் சபை 2010இல் வகுத்த விதிகளுக்குப் பெயர் என்ன தெரியுமா? பாங்காக் விதிகள்!

அபராதம் கட்ட முடியாதவர் கதை இன்னும் வேடிக்கை. கட்டாத பணத்துக்கு ஈடாகச் சிறையில் இருக்கலாம். நாளொன்றுக்கு 500 பாட் கழியும். 2016க்கு முன்பு 200 பாட்டுத்தான். 2025இல்கூட அந்நாட்டில் குறைந்தபட்ச நாட்கூலி எந்த மாகாணத்திலும் 400 பாட்டைத் தாண்டவில்லை. வெளியே பாடுபடும் தொழிலாளியின் ஒரு நாளைவிட, உள்ளே சும்மா கிடக்கும் அவனது ஒரு நாளுக்குச் சட்டம் அதிக விலை போடுகிறது! பணமுள்ளவன் அதே அபராதத்தைக் கட்டிவிட்டுக் காரில் ஏறிப் போகிறான்.

112ஆவது பிரிவில் சிக்கியவர்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். அம்போன் தாங்நோப்பகுன் அறுபது வயது கடந்த முதியவர். முன்னாள் லாரி டிரைவர். பேரக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு வீட்டிலிருந்தவர். பிரதமரின் காரியதரிசிக்கு டெலிபோனில் நான்கு குறுஞ்செய்திகள் அனுப்பினார் என்பது வழக்கு. எனக்குக் குறுஞ்செய்தி அனுப்பவே தெரியாது என்றார் கிழவர். செய்திக்கு ஐந்தாண்டு வீதம் இருபது ஆண்டு என்று 2011 நவம்பரில் தீர்ப்பாயிற்று. புற்றுநோய் இருந்தும் மீண்டும் மீண்டும் ஜாமீன் மறுக்கப்பட்டது. 2012 மே 8ந் தேதி சிறை ஆஸ்பத்திரியில் இறந்தார்.

சோம்யோட் ப்ருக்சாகசேம்சுக் நம்மைப் போன்ற ஒருவர். பல ஆண்டுகள் ஆலைத் தொழிலாளர் சங்க வேலையில் ஈடுபட்டவர், பின்பு பத்திரிகை ஆசிரியர். 2011 ஏப்ரல் 30ந் தேதி கைதானார். குற்றம்: வேறொருவர் புனைபெயரில் எழுதிய இரண்டு கட்டுரைகளைத் தம் பத்திரிகையில் போட்டது. விசாரணை பாங்காக்கில் நடந்திருக்கலாம். ஆனால் சர்க்கார் தரப்புச் சாட்சிகளின் ஊர்கள் என்று சொல்லி, சா கேயோ, பேட்சபூன், நகோன் சவான், சொங்க்லா என்று கிழக்கிலும் வடக்கிலும் தெற்கிலுமாக அவரைக் கால்விலங்குடன் சிறை வண்டியில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். போன இடத்துச் சிறையில் வாய்தாவுக்காகக் காத்துக் கிடப்பது. முடிந்ததும் மறுபடி வண்டி. தீர்ப்பு வருமுன்பே தண்டனை தொடங்கிவிட்டது என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா? ஜாமீன் மனுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளப்பட்டன. 2013 ஜனவரியில், கட்டுரைக்கு ஐந்து வீதம் பத்தாண்டு, பழைய வழக்கு ஒன்றுக்காக மேலும் ஓராண்டு. மேல் கோர்ட்டில் குறைக்கப்பட்டு, சரியாக ஏழாண்டு கழித்து 2018 ஏப்ரல் 30ந் தேதி வெளியே வந்தார்.

2014 மே 22ந் தேதி இராணுவம் மறுபடியும் ஆட்சியைப் பிடித்த பிறகு, 2016 செப்டம்பர் வரை 1,800க்கும் மேற்பட்ட சாதாரணப் பிரஜைகள் இராணுவக் கோர்ட்டுகளில் நிறுத்தப்பட்டனர். அஞ்சன் என்னும் முன்னாள் வரி இலாகா ஊழியர் அம்மைக்கு 2021 ஜனவரியில் 87 ஆண்டுத் தண்டனை! குற்றத்தை ஒப்புக்கொண்டதால் பாதி குறைத்து 43 ஆண்டு 6 மாதம் ஆக்கினார்கள். 2025 ஆகஸ்டில் மன்னிப்புப் பெற்று வெளியே வந்தார். 2024 மே 14ந் தேதி, ஜாமீன் மறுக்கப்பட்டு உண்ணாவிரதம் இருந்த நெதிபோன் என்னும் 28 வயதுப் பெண், காவலிலேயே உயிர் நீத்தார்.

செல்வந்தர் பக்கம் எப்படி? 2012இல் பாங்காக்கில் ஒரு போலீஸ்காரர்மேல் மோட்டாரை ஏற்றிக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட ஒரு கோடீஸ்வர வீட்டுப் பிள்ளை, விசாரணைக்கு நிற்காமலே நாட்டை விட்டுப் போனார். குற்றச்சாட்டுகளில் பல ஒவ்வொன்றாகக் காலாவதியாயின. முன்னாள் பிரதமர் தக்சின் 2023 ஆகஸ்டில் நாடு திரும்பியதும் எட்டாண்டுத் தண்டனை ஓராண்டாகக் குறைக்கப்பட்டது. முதல் நாள் இரவே போலீஸ் ஆஸ்பத்திரிக்கு மாற்றப்பட்டு, ஆறு மாதத்தில் பரோலில் வெளியே வந்தார். ஆஸ்பத்திரிவாசம் சிறைவாசமாகாது என்று 2025 செப்டம்பரில் உச்ச கோர்ட்டு தீர்ப்பளித்து அவரைச் சிறைக்கு அனுப்பியதை நாம் மறைக்கவில்லை. ஆனால் மேல்மட்டத்தார் தங்களுக்குள் கணக்குத் தீர்த்துக்கொள்வது வேறு, தாக் பாய் விதவைக்கு நீதி கிடைப்பது வேறு.

அசைவே இல்லை என்றும் நாம் கூறமாட்டோம். பாங்க்வாங் சிறையில் மரண தண்டனைக் கைதிகளின் கால்விலங்கை 2013இல் கழற்றினார்கள். 2021 டிசம்பரில் புதிய போதைப் பொருள் சட்டத் தொகுப்பு அமுலுக்கு வந்து, பலருக்குத் தண்டனை குறைந்தது. சிறைகள் பிதுங்கி வழிந்ததுதான் இதற்கு முக்கிய காரணம் என்றாலும், வெளியே வந்தவனுக்குக் காரணம் என்னவானால் என்ன?

ஹேபர்கார்ன் அம்மையார் 2024இல் இன்னொரு நூல் கொண்டுவந்தார். 2014க்குப் பிந்திய இராணுவ ஆட்சிக் காலத்து வழக்குகள் சிலவற்றை எடுத்து, அவற்றில் நியாயமாக வந்திருக்க வேண்டிய தீர்ப்புகளைத் தாமே எழுதிப் பார்த்திருக்கிறார். பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்து தீர்ப்பு எழுதுவதால் யாருக்கும் விலங்கு கழலாது என்று நமக்கு முதலில் தோன்றிற்று. ஆனால் கோர்ட்டு எழுதாததை ஒருவராவது எழுதி வைத்தால், அடுத்த தலைமுறை அதைக் காட்டி வழக்காடலாம் அல்லவா?

வழக்காட வேண்டிய இடம் இப்போது பாராளுமன்றம். 2025 ஜூலையில் அரசியல் வழக்குகளுக்கான பொது மன்னிப்பு மசோதாக்கள் பிரதிநிதி சபையில் வாக்கெடுப்புக்கு வந்தன. 112ஆவது பிரிவுக் கைதிகளையும் சேர்த்து விடுவிக்கக் கோரி, ஜனங்கள் கையெழுத்திட்டுக் கொண்டுவந்த மசோதா தோற்கடிக்கப்பட்டது. சபை முதல் கட்டத்தில் ஏற்றுக்கொண்ட மூன்று மசோதாக்களிலும் அந்தக் கைதிகளுக்கு இடமில்லை.